ஸ்பெயினில் குறைந்த விலைக்கு வீடு வாங்குதல்: தங்கைக்கு என்ன மறுமொழி எழுதுவது?

கேள்வி: பரந்தன் பூவரசு

அனைவருக்கும் வணக்கம். நான் பரந்தனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியன். என் தங்கை இருபது ஆண்டுகளாக இலண்டனில் வாழ்கிறாள். பிரித்தானியக் குடியுரிமையும் பெற்றுவிட்டாள். அங்கே சொந்தமாக ஒரு வீடு வாங்குவது தன் உழைப்புக்கு எட்டாது என்று கண்டபின், ஸ்பெயினில் எழுபதாயிரம் யூரோவுக்குள் சிறியதொரு வீட்டை வாங்கி வைத்து, ஓய்வுக்காலத்தில் அங்கே போயிருக்கலாம் என்று ஆறு மாதங்களாகச் சொல்லி வருகிறாள்.

அவள் அனுப்பிய விளம்பரங்களில் மூன்று அவளுக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. ஒன்று தொரெவியேஹா என்னும் கடலோர நகரத்தில் 65,000 யூரோவுக்கு ஒரு தொடர்மாடி வீடு. இரண்டாவது ஹாயென் மாகாணக் கிராமமொன்றில் 38,000 யூரோவுக்கு ஒரு பழைய கல்வீடு. மூன்றாவது அல்மெரியாவின் மலைப்புறத்தில் கிணறும் பாதாம் மரங்களும் உள்ள தோட்டத்துடன் கூடிய வீடு. விலை 45,000 யூரோ. கிணறும் மரமும் என்றவுடன் அவளுடைய மனம் அந்த மூன்றாவதிலேயே நிற்கிறது. வன்னியில் வளர்ந்த பிள்ளை என்பதால் அதை நான் குறை கூறவில்லை.

கண்டாவளையில் அப்பாவின் பெயரில் உறுதிப் பத்திரத்துடன் இருந்த வயலை நாங்கள் அண்மையில் விற்றோம். அதில் தங்கையின் பங்கை நான் அவளுக்கு அனுப்ப வேண்டும். அதோடு, ஸ்பெயின் வீட்டின் உறுதியில் என் பெயரையும் அம்மாவின் பெயரையும் சேர்க்க அவள் விரும்புகிறாள். வீட்டு உரிமையாளர்களுக்கு வதிவிட அனுமதி எளிதாகக் கிடைக்கும் என்று ஆதன முகவர் ஒருவர் அவளிடம் கூறியிருக்கிறார். இது உண்மையா?

இடப்பெயர்வுகளில் உறுதிகளைத் தொலைத்து, அவற்றின் பிரதிகளுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பம் எங்களுடையது. ஆகவே வீட்டின் அழகைக் காட்டிலும் அதன் பத்திரங்களைப் பற்றியே எனக்குக் கவலை. வெளிநாட்டவர் அங்கே முழு உரிமையுடன் வாங்கலாமா, விளம்பர விலைக்கு மேல் எவ்வளவு செலவாகும், எந்தெந்தப் பத்திரங்களைப் பார்த்த பின்னர் பணம் கொடுக்க வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: முள்ளியவளை எழுதுவினைஞர்

வணக்கம் ஐயா. நான் வவுனியாவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நீண்ட காலம் எழுதுவினைஞராக இருந்தவன். என் தம்பி பிரித்தானியக் குடியுரிமை பெற்றவன். 2023இல் அவன் தொரெவியேஹாவில் ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கியபோது ஒவ்வொரு பத்திரத்தையும் எனக்கு அனுப்பி, அதன் பொருளைக் கேட்டு விளங்கிய பின்னர்தான் கையொப்பமிட்டான். அதனால் இதைப் பற்றி ஓரளவு உறுதியாகவே எழுத முடிகிறது.

முதலில் வதிவிட அனுமதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முகவர் சொன்னது தவறு. ஐந்து இலட்சம் யூரோவுக்கு மேல் ஆதனம் வாங்கும் வெளிநாட்டவருக்கு வதிவிட அனுமதி வழங்கும் திட்டமொன்று 2013ஆம் ஆண்டின் சட்டத்தின்படி இருந்தது. அது 2025 ஏப்ரல் 3ஆம் திகதியுடன் நீக்கப்பட்டுவிட்டது. எழுபதாயிரம் யூரோ வீட்டுக்கு அது ஒருபோதும் பொருந்தியதுமில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னர், உங்கள் தங்கை விசா இல்லாமல் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் மட்டுமே அங்கே தங்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டுடன் செல்லும் நீங்களும் அம்மாவும் வீடு உங்கள் பெயரிலேயே இருந்தாலும் ஒவ்வொரு பயணத்துக்கும் செங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். வீட்டின் உரிமை வேறு, அந்த நாட்டில் தங்கும் உரிமை வேறு. ஓய்வுக்காலத்தில் நிரந்தரமாகப் போயிருக்க நினைத்தால், வேலை செய்யாமல் சொந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்கான தனி விசாவுக்குத் தங்கை விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாதம் 2,400 யூரோ வருமானமோ அதற்கு ஈடான சேமிப்போ காட்ட வேண்டும். எழுபதாயிரத்துக்கு வீடு தேடும் ஒருவருக்கு வீட்டைவிடப் பெரிய தடை இதுவாகத்தான் இருக்கும்.

வாங்கும் உரிமையில் தடை இல்லை. எந்த நாட்டவரும் ஸ்பெயினில் ஆதனம் வாங்கலாம். வெளிநாட்டவர் அடையாள இலக்கம் ஒன்றை எடுத்தால் போதும். அதை ‘நியே’ என்று அங்குள்ளவர்கள் அழைக்கிறார்கள். ஸ்பானியத் துணைத்தூதரகத்தின் ஊடாகவே இதை எடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள் சில எல்லைப் பகுதிகளிலும் தீவுகளிலும் கார்த்தஹேனா போன்ற படைத்துறைப் பகுதிகளிலும் நாட்டுப்புற நிலம் வாங்குவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவைப்படும்; நகர வீடுகளில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

இனிச் செலவு. பழைய வீட்டை வாங்கும்போது கைமாற்று வரி ஒன்று உண்டு. அதன் வீதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மத்ரித்தில் 6 வீதம், அந்தலூசியாவில் 7 வீதம். தம்பி வாங்கிய காலத்தில் வலென்சியா மாநிலத்தில் 10 வீதமாக இருந்தது. அவன் வாங்கிய விலை 62,000 யூரோ. ஆனால் 2022 சனவரி முதல், அரச நிலமதிப்புத் திணைக்களம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறிப்பு மதிப்பை வைத்திருக்கிறது. வாங்கிய விலை அதைவிடக் குறைவாக இருந்தால், வரி அந்தக் குறிப்பு மதிப்பின் மீதே கணக்கிடப்படும். தம்பியின் வீட்டுக்கு அது 71,000 யூரோவாக இருந்தது. ஆகவே 6,200 என்று எதிர்பார்த்த வரி 7,100 ஆயிற்று. நொத்தாரிசுக்கும் காணிப் பதிவகத்துக்கும் சேர்த்து 1,100, சட்டத்தரணிக்கு வரியுடன் 1,815. மொத்தமாக 72,015 யூரோ. இதில் தளபாடமும் விமானச் சீட்டும் சேரவில்லை. மலிவான வீட்டில் இந்த மேலதிகச் செலவின் விகிதம் கூடுதலாகவே விழும், ஏனெனில் வீட்டின் விலை குறைந்தாலும் சட்டத்தரணியின் கட்டணம் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

நம்முடைய ஆட்கள் தடுமாறும் இடம் நொத்தாரிசு. இங்கே நொத்தாரிசு எங்களுக்காக உறுதி எழுதுபவர். தேடல் செய்து தருபவரும் அவரே. அங்கே நொத்தாரிசு அரச அலுவலர். இரு தரப்பினரின் அடையாளத்தையும் பணம் கைமாறிய விதத்தையும் சரிபார்த்து, ‘எஸ்கிரித்துரா’ எனப்படும் உறுதியை வாசித்துக் கையொப்பம் வாங்குவார். வீட்டின் கூரை ஒழுகுகிறதா, பின்னறை அனுமதியில்லாமல் கட்டப்பட்டதா என்று உங்களுக்காக ஆராய மாட்டார். அதற்கு விற்பவரோடும் முகவரோடும் தொடர்பில்லாத தனிச் சட்டத்தரணி ஒருவர் கட்டாயம் வேண்டும். முகவர் கைகாட்டும் சட்டத்தரணியைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

பணம் கொடுக்கும் முன்னர் எடுக்க வேண்டிய முதற் பத்திரம் ‘நோட்டா சிம்ப்ளே’. இது காணிப் பதிவகம் வழங்கும் பதிவுச் சுருக்கம். பத்து யூரோ அளவில் எவரும் இணையத்தில் எடுக்கலாம். உரிமையாளர் யார், ஈடு (அடமானம்) உண்டா, நீதிமன்றத் தடை உண்டா, எவருக்காவது சீவிய உரித்து, அதாவது வாழ்நாள் முழுதும் அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை, உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். மிகவும் மலிவாக விளம்பரப்படுத்தப்படும் சில வீடுகளில் வயோதிபர் ஒருவரின் சீவிய உரித்து இருக்கும். வேறு சிலவற்றில் வாடகைக்காரரோ அனுமதியின்றிக் குடியேறியவரோ இருப்பார். விளம்பரத்தின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் அது எழுதப்பட்டிருக்கும்.

இருதரப்பும் உடன்பட்டபின் பத்து வீதம் அச்சவாரம் கொடுப்பது வழக்கம். அவர்களுடைய குடியியற் சட்டக்கோவையின் 1454ஆம் பிரிவின் கீழ் எழுதப்பட்ட அச்சவாரமாயின், வாங்குபவர் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொடர்மாடி வீடாயின், அதன் பொதுப்பராமரிப்புச் சங்கத்துக்குப் பழைய உரிமையாளர் வைத்த நிலுவையில் நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் உரிய தொகைக்கு வீடே பொறுப்பாகும். சங்கத்தின் நிலுவையின்மைச் சான்றிதழைக் கொண்டுவரும் கடமை விற்பவருடையது. ‘அது தேவையில்லை’ என்று வாங்குபவர் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அந்தக் கடமை நீங்கிவிடும். அப்படி ஒருபோதும் கையொப்பமிட வேண்டாம்.

தம்பிக்கு விற்றவர் ஸ்பெயினில் வதியாத வெளிநாட்டவர். அத்தகைய விற்பனையில் வாங்குபவரே விலையில் 3 வீதத்தைப் பிடித்துவைத்து ஒரு மாதத்துக்குள் வரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும். அவன் 1,860 யூரோவை அப்படிச் செலுத்தினான். தெரியாமல் முழு விலையையும் விற்பவரிடம் கொடுத்திருந்தால், அந்தத் தொகைக்கு அவனே வரித் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஒரு சிறு செய்தி: தொரெவியேஹாவும் உப்பளத்தால் பெயர்பெற்ற ஊர்தான். அங்குள்ள உவர்நீர் ஏரியின் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஆனையிறவு நினைவுக்கு வந்தது.

மறுமொழி: புதுக்குடியிருப்பு நிலா

வணக்கம் ஐயா. முள்ளியவளை அண்ணா கடலோரத்தைப் பற்றி விரிவாக எழுதியிருப்பதால் நான் கிராம வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் பிரான்சில் வசிக்கிறேன். ஹாயென் மாகாணத்தில் ஒலிவ மரங்கள் சூழ்ந்த ஒரு கிராமத்தில் நானும் கணவரும் 41,000 யூரோவுக்கு ஒரு வீட்டை வாங்கினோம். அந்தலூசியாவின் 7 வீத வரியாக 2,870 யூரோ கட்டினோம்.

ஆனால் நாங்கள் முதலில் விரும்பியது இந்த வீடு அன்று. அதன் நோட்டா சிம்ப்ளேயில், இறந்துபோன தந்தையின் பெயரே இன்னும் உரிமையாளராக இருந்தது. மூன்று பிள்ளைகளில் ஒருவர் வேறு நாட்டில் இருந்தார். அவருடைய சம்மதம் இல்லாமல் முதுசம் (பெற்றோர் விட்டுச்சென்ற சொத்து) பிரிக்கப்படவில்லை. பிரிக்காத முதுசத்திலிருந்து எங்களுக்கு உறுதி முடிக்க முடியாது. பேரப்பிள்ளைகளின் காலத்திலும் பிரியாமல் பாட்டனின் பெயரில் கிடக்கும் எங்கள் ஊர்க் காணிகளை நீங்கள் அறிவீர்கள். உள்நாட்டு ஸ்பெயினில் இளையோர் நகரங்களுக்குப் போய்விட்டதால் இத்தகைய வீடுகள் ஏராளமாக இருக்கின்றன, அவை மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முகவர் ‘இரண்டு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும், முன்பணத்தை இப்போதே கட்டுங்கள்’ என்றார். நாங்கள் கட்டவில்லை. அடுத்த ஆண்டும் அந்த வீடு விளம்பரத்தில் இருந்ததைக் கண்டேன்.

இரண்டாவது வீட்டில் வேறொரு சிக்கல் வந்தது. அங்கே காணிப் பதிவகம் ஒன்று, நிலமதிப்புக்காக அரசு வைத்திருக்கும் ‘கத்தாஸ்த்ரோ’ என்னும் பதிவேடு இன்னொன்று. முதலாவது உரிமையைச் சொல்லும். இரண்டாவது அளவையும் மதிப்பையும் சொல்லும். எங்கள் வீட்டுக்குப் பதிவகத்தில் 62 சதுர மீற்றர், கத்தாஸ்த்ரோவில் 95 சதுர மீற்றர் இருந்தது. பின்பக்கத்தில் கட்டிய இரண்டு அறைகள் உறுதியில் ஏறவில்லை என்பதே அதன் பொருள். அவற்றை விற்பவரின் செலவில் சட்டப்படி பதிந்து முடிக்கும்வரை, நான்கு மாதங்கள் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

இனி அந்தக் கிணற்றுத் தோட்டம். ஐயா, தங்கையிடம் இதை நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் நிலம் நகர நிலம், நாட்டுப்புற நிலம் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. நாட்டுப்புற நிலத்தில் வீடு கட்டுவதற்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அல்மெரியா மாகாணத்தின் உட்பகுதியில், குறிப்பாக அல்மன்சோரா பள்ளத்தாக்கில், முறையான அனுமதியில்லாமல் எழுந்த வீடுகளை வெளிநாட்டவர்கள் நல்லெண்ணத்துடன் வாங்கிப் பெரும் இன்னலுக்கு ஆளானார்கள். 2008 சனவரியில் வேரா என்னும் ஊரில், வயதான பிரித்தானியத் தம்பதியினர் குடியிருந்த வீடு, நகரசபை முன்பு கொடுத்திருந்த அனுமதி செல்லாது என்று காட்டி இடித்துத் தள்ளப்பட்டது. பின்னர் 2019இல் அந்தலூசிய அரசு, அத்தகைய வீடுகளுக்கு ஓரளவு ஏற்பு வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. தங்கை பார்க்கும் வீட்டுக்கு அந்த ஏற்புச் சான்றிதழ் இருக்கிறதா, கிணற்றுக்கும் மின்சாரத்துக்கும் முறையான பதிவு இருக்கிறதா என்று நகரசபையிடம் எழுத்தில் கேட்காமல் ஒரு யூரோவும் கொடுக்கக் கூடாது. வன இலாகாவின் எல்லைக் கல்லுக்குள் அகப்பட்ட காணியில் வீடு கட்டிவிட்டுத் தவிப்பவர்களை நாம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். அந்தத் தவிப்பை மொழி தெரியாத நாட்டிலும் அவர் தேடிப் போக வேண்டியதில்லை.

கிராம வீட்டிலும் இடர்கள் உண்டு. கோடையில் நாற்பது பாகைக்கு மேல் வெப்பம் ஏறும். குளிர்காலத்தில் கல்வீட்டின் உள்ளே வெளியைவிடக் குளிராக இருக்கும். எங்கள் கிராமத்தில் பேருந்து நாளுக்கு இரண்டு முறைதான் வரும், வைத்தியர் எல்லா நாளும் வருவதில்லை. வாகனம் ஓட்டத் தெரியாத ஒருவர் முதுமையில் தனியே வாழ அது உகந்த இடமன்று. சனவரி மாதத்தில் இரண்டு வாரம் வாடகைக்கு இருந்து பார்த்தபின் முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வியாளர்: பரந்தன் பூவரசு

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பிள்ளை நிலா, உங்கள் மறுமொழியைத் தங்கைக்கு அப்படியே அனுப்பினேன். அல்மெரியா வீட்டைக் கைவிட்டதாக மறுநாளே எழுதினாள். இன்னும் இரண்டு விடயங்கள் எஞ்சியுள்ளன. விசா கிடையாது என்றாலும் எங்கள் பெயரைச் சேர்ப்பதால் வேறு நன்மை உண்டா? வயல் விற்ற பணத்தை வங்கி வழியாக அன்றி, ஆள்வழிப் பணம் கைமாற்றும் உண்டியல் முறையில் அனுப்பினால் விரைவாகப் போய்ச் சேரும் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள், அப்படி அனுப்பலாமா?

மறுமொழி: மாங்குளம் ஓய்வூதியர்

வணக்கம் ஆசிரியரே. நான் வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். உங்கள் இரண்டாவது கேள்விக்கே முதலில் மறுமொழி தருகிறேன்.

உண்டியலில் அனுப்பவே வேண்டாம். அது சட்டத்துக்குப் புறம்பானது. அதோடு, ஸ்பெயினில் வங்கியும் நொத்தாரிசும் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பத்திரங்களுடன் காட்டச் சொல்வார்கள். உண்டியலில் போன பணத்துக்குக் காட்ட எதுவும் இருக்காது. வயல் விற்ற உறுதி, வங்கியில் பணம் வந்த பதிவு, அங்கிருந்து தங்கையின் இலண்டன் கணக்குக்குப் போன பதிவு ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியாக இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டில் வதியும் இலங்கையர் இங்குள்ள தம் ஆதனத்தின் விற்பனைப் பணத்தை வெளியே எடுப்பதற்கு மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாக் கணக்கு என்னும் தனிக் கணக்கு இருக்கிறது. அதற்கு வரம்புகளும் உண்டு. தங்கையின் பெயரில் அதைத் திறந்து, அவருடைய பங்கு அவருக்குரியது என்பதற்கான உறுதிப் பிரதியையும் வங்கியிடம் கொடுங்கள். காலம் எடுக்கும், ஆனால் அந்தப் பணம் எங்கே போனாலும் தலை நிமிர்ந்து நிற்கும்.

பெயரைச் சேர்ப்பது பற்றி: நான் வேண்டாம் என்றே சொல்வேன். நீங்கள் மூவரும் உரிமையாளரானால் மூவருக்கும் அடையாள இலக்கம் வேண்டும். மூவரும் தத்தம் பணத்தின் மூலத்தைக் காட்ட வேண்டும். வீட்டை வாடகைக்கு விடாவிட்டாலும், அங்கே வதியாத ஒவ்வோர் உரிமையாளரும் ஆண்டுதோறும் ஒரு வரி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அதன் தொகை சிறியதுதான். கத்தாஸ்த்ரோவில் உள்ள பதிவு மதிப்பு 28,000 யூரோவாக இருந்து 1.1 வீதக் கணக்கு பொருந்துமானால், 308 யூரோவை வருமானமாகக் கொண்டு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவருக்கு 24 வீதமாக 73 யூரோ 92 சதம் வரும். பிரான்சில் இருக்கும் நிலா போன்றவர்களுக்கு 19 வீதம். தொகையைவிட, இரண்டு நாடுகளில் இருக்கும் மூவரும் ஆண்டுதோறும் மறக்காமல் அறிக்கை கொடுப்பதே சுமை.

அதைவிடப் பெரியது, பின்னர் விற்கும்போது மூவரின் கையொப்பமும் தேவைப்படுவது. நீங்கள் போக முடியாவிட்டால் இங்கிருந்து அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகக் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து, கொழும்பில் சான்றுறுதி பெற்று, ஸ்பானிய மொழியில் பெயர்த்து அனுப்ப வேண்டும். அம்மாவின் காலத்துக்குப் பின்னர் அவருடைய பங்குக்கு அங்கே தனியாக முதுச நடவடிக்கை எடுக்க வேண்டிவரும். நிலா எழுதிய அந்த மூன்று பிள்ளைகளின் வீடு போல உங்கள் தங்கையின் வீடும் ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

தங்கை தன் பெயரில் மட்டும் வாங்கட்டும். வாங்கியவுடன் அங்குள்ள நொத்தாரிசு முன்னிலையில் ஒரு மரணசாசனம் எழுதி, தன் குடியுரிமை நாட்டின் சட்டமே தன் முதுசத்துக்குப் பொருந்தும் என்று அதில் குறிப்பிடட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டின் 650ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு இடம் கொடுக்கிறது. அப்படிச் செய்தால், தான் விரும்பியவருக்கு வீட்டைக் கொடுக்கும் உரிமை அவர் கையிலேயே இருக்கும்.

இன்னுமொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் வதியாத, அதன் குடியுரிமையும் இல்லாத வாங்குநர்கள் மீது வீட்டு விலையின் நூறு வீதம் வரை வரி விதிக்கும் யோசனையை ஸ்பானியப் பிரதமர் 2025 சனவரியில் அறிவித்தார். அதே ஆண்டு மே மாதத்தில் அது சட்டமூலமாக முன்வைக்கப்பட்டது. யோசனை என்பது சட்டம் அன்று, எனினும் உங்கள் தங்கை அந்த வகைக்குள் வருகிறார். அச்சவாரம் கொடுக்கும் நாளிலும் உறுதி முடிக்கும் நாளிலும் நடைமுறையில் உள்ள வரி எது என்று சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வியாளர்: பரந்தன் பூவரசு

வணக்கம் ஐயா. உங்கள் மறுமொழியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘என் பெயர் வேண்டாம், பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும்’ என்று அவரே தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நாளை கிளிநொச்சியில் வங்கிக்குப் போய் அந்தக் கணக்கைப் பற்றி விசாரிக்கிறேன்.

தொரெவியேஹா வீட்டின் நோட்டா சிம்ப்ளேயைத் தங்கை நேற்று எடுத்தாள். விற்பவரின் பெயர் சரியாக இருக்கிறது, சீவிய உரித்து எதுவும் இல்லை. ஆனால் பழைய ஈடு ஒன்று இன்னும் பதிவில் நிற்கிறது. அந்தக் கடன் எப்போதோ கட்டி முடிக்கப்பட்டுவிட்டது என்கிறார் முகவர். கட்டி முடித்திருந்தாலும், வங்கி நொத்தாரிசு முன்னிலையில் விடுவிப்புப் பத்திரம் எழுதி அது பதிவகத்தில் ஏறினால் ஒழிய ஈடு நீங்காது என்று தங்கை அமர்த்திய சட்டத்தரணி கூறியிருக்கிறார். அதை விற்பவரின் செலவில் முடித்துத் தரும்படி எழுதிக் கேட்டிருக்கிறோம். மறுமொழி வரும்வரை அச்சவாரம் கொடுக்கப்போவதில்லை.